மலையாளப் புத்தகத்துக்கு எழுத்துரு செய்வது எப்படி: முதல்முறை இறங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

கேரளத்துச் சிறு பதிப்பகம் ஒன்றுக்காக மலையாள உரைநூல் எழுத்துரு ஒன்றைச் செய்து முடிக்க எனக்கு 14 மாதங்கள் பிடித்தன. எழுத்துகளை வரைந்த காலம் அதில் ஐந்து மாதத்துக்கும் குறைவுதான். தொடக்கத்திலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை நடுவில் கேட்டதாலும், முடிந்த வேலையைக் கலைத்து மீண்டும் செய்ததாலும் மற்ற மாதங்கள் போயின. தமிழ் எழுத்துருக்களில் கைப்பழக்கம் உள்ள ஒருவர் மலையாளத்துக்கு வரும்போது எந்த வரிசையில் வேலை செய்தால் இந்த இழப்பு நேராது என்பதை இங்கே எழுதுகிறேன்.

1. எந்த லிபி என்பதை முதலில் எழுத்தில் வாங்குங்கள்

மலையாளத்தில் "பழைய லிபி", "புதிய லிபி" என்று இரண்டு வழக்குகள் இன்றும் அருகருகே வாழ்கின்றன. கேரள அரசு 1971இல் கொண்டுவந்த சீர்திருத்தத்தின்படி உகர, ஊகார, ருகாரக் குறிகள் மெய்யோடு ஒட்டாமல் வலப்பக்கம் தனியே நிற்கும். அருகிய கூட்டெழுத்துகள் சந்திரக்கலை (தமிழ்ப் புள்ளிக்கு இணையான குறி) இட்டுப் பிரிக்கப்படும். பழைய லிபியில் கு, சு, து ஒவ்வொன்றும் தனி வடிவம். மூன்று மெய்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி வரும் கூட்டெழுத்துகளும் தனி வடிவங்களே.

தமிழில் மெய் வந்தால் புள்ளி வைத்துவிடுகிறோம். க்ஷ, ஸ்ரீ போன்ற ஒன்றிரண்டு விலக்குகள் தவிர எழுத்துகள் வரிசையில் தனித்தனியாகவே நிற்கும். அந்தப் பழக்கத்தோடு மலையாளத்துக்கு வருபவர் வேலையின் அளவைக் குறைத்தே கணக்கிடுவார். புதிய லிபிக்கு இருநூறு முந்நூறு வரிவடிவங்களில் ஒரு நல்ல எழுத்துருவைத் தரலாம். ரச்சனா போன்ற முழுமையான பழைய லிபி எழுத்துருவில் அந்த எண்ணிக்கை 900 அளவுக்குப் போகும். ஆகவே லிபி முடிவாகாமல் கூலியையோ காலத்தையோ யாரிடமும் சொல்லாதீர்கள்.

எனக்குக் கிடைத்த வாய்மொழிக் குறிப்பு "வழக்கமான லிபி போதும்" என்பதுதான். நான் அதைப் புதிய லிபி என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் பதிப்பாசிரியர் மனத்தில் இருந்தது மூன்றாவது ஒன்று: கூட்டெழுத்துகள் பழையபடி அடுக்காக வர வேண்டும், உகரக் குறி மட்டும் பிரிந்து நிற்க வேண்டும். நாளிதழிலும் பாடநூலிலும் வளர்ந்த வாசகர்களுக்கு இந்தக் கலப்பு பழகிப்போனது. அதைக் கேட்டதில் தவறில்லை. கேட்காமல் விட்டது என் தவறு. இருபது சொற்களை மூன்று முறைகளிலும் அச்சிட்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் எது வேண்டும் என்று அவர்களையே வட்டமிடச் சொல்லி, அந்தத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பிற்பகலில் முடிகிற வேலை இது.

2. நூலின் தட்டச்சுக் கோப்புகளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்

எழுத்துருவின் அழகு வரைபலகையில் தெரியும். அதன் குறைகளெல்லாம் நூலாசிரியரின் கோப்பில்தான் தெரியவரும். இரண்டு வகைக் கோப்புகள் உங்களிடம் வரும்.

முதல்வகை, பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளின் காலத்து எம்எல்-டிடி எழுத்துருக்களில் அடித்தவை. இவற்றில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் மலையாள வடிவங்களை ஏற்றியிருப்பார்கள். எகர, ஏகாரக் குறிகளைக் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் மெய்க்கு முன்னால் அடித்திருப்பார்கள். இவற்றை யூனிகோடுக்கு மாற்றாமல் உங்கள் எழுத்துருவை ஏற்ற முடியாது. ஸ்வதந்த்ர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவினரின் "பய்யன்ஸ்" என்ற மாற்றுக்கருவி இலவசமாகக் கிடைக்கிறது. மாற்றிய பிறகு மெய்ப்புப் பார்க்கும் பொறுப்பு யாருடையது என்பதை அப்போதே பேசி முடிவு செய்யுங்கள், இல்லையெனில் அது உங்கள் தலையில் விழும்.

இரண்டாம்வகை யூனிகோடு கோப்புகள். இவை சிக்கலற்றவை என்று நான் நம்பியிருந்தேன். முதல் மெய்ப்பில், "என்னுடைய" என்று பொருள்படும் "என்றெ" என்ற சொல் முதல் அத்தியாயத்தில் சரியான கூட்டெழுத்தோடு இருந்தது; நான்காம் அத்தியாயத்தில் அதே சொல்லின் நடுவே சந்திரக்கலை தனியாக நீட்டிக்கொண்டு நின்றது; ஏழாம் அத்தியாயத்தில் ன், ற இரண்டும் அக்கம்பக்கமாக நின்றன. மூன்று பேர் மூன்று விசைப்பலகைகளில் அடித்த நூல் அது. நான்கு மலையாளச் சொற்களில் ஒன்றாவது அந்தக் கூட்டெழுத்தைச் சுமந்து வருவதுபோல் எனக்கு அன்று தோன்றியது.

காரணம் இதுதான். "ன்ற" என்ற கூட்டெழுத்தை சில்லெழுத்து (உயிரில்லாத மெய்க்கு மலையாளத்தில் உள்ள தனி எழுத்து) ன், சந்திரக்கலை, ற என்ற வரிசையிலும் அடிக்கலாம். முழு ந எழுத்து, சந்திரக்கலை, ற என்ற வரிசையிலும் அடிக்கலாம். முதலாவதுதான் யூனிகோடு தரம் சொல்வது. இரண்டாவது ஏராளமான கோப்புகளில் புழங்குவது. இரண்டுக்கும் உங்கள் எழுத்துரு ஒரே வடிவத்தைக் காட்ட வேண்டும். சந்திரக்கலையே இல்லாமல் சில்லு ன், ற என்று அடித்ததை மட்டும் எழுத்துருவுக்குள் ஒட்டவைக்க முயலாதீர்கள். அதை மூலக்கோப்பிலேயே திருத்தச் சொல்லுங்கள்.

சில்லெழுத்துகளிலும் இதே நிலைதான். ண், ன், ர், ல், ள் ஆகியவற்றுக்கான சில்லுகள் யூனிகோடு 5.1இல், அதாவது 2008இல்தான் தனிக் குறியீடு பெற்றன. அதற்கு முன் மெய், சந்திரக்கலை, ஜீரோ விட்த் ஜாய்னர் (கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறி) என்ற மூன்றன் சேர்க்கையாக அடித்தார்கள். பழைய கோப்புகள் இன்றும் அப்படியே வருகின்றன. அந்தச் சேர்க்கைக்கும் விதி எழுதி வையுங்கள். ஔகாரக் குறிக்கு இருபக்கமும் வரும் வடிவம், வலப்பக்கம் மட்டும் வரும் வடிவம் என்று இரண்டு குறியீடுகள் உண்டு; இரண்டும் எழுத்துருவில் இருக்க வேண்டும்.

3. வரிவடிவப் பட்டியலை வரைவதற்கு முன்பே முடியுங்கள்

மலையாள விக்கிமூலத்திலிருந்தும் பதிப்பகத்தின் மூன்று நான்கு நூல்களிலிருந்தும் உரையை எடுத்து, அதில் உண்மையில் வரும் கூட்டெழுத்துகளை எண்ணிப் பட்டியலிடுங்கள். க்க, த்த, ப்ப, ங்ங, ஞ்ஞ போன்றவை பக்கத்துக்குப் பத்து முறை வரும். வேறு சில நூல் முழுவதிலும் ஒருமுறை வரும். அடிக்கடி வருபவற்றை முதல் மாதத்தில் வரைந்தால் உரையைச் சீக்கிரமே அச்சிட்டுப் பார்க்கலாம்.

பட்டியலில் பலர் விட்டுவிடுகிறவை: ஜீரோ விட்த் ஜாய்னர், எழுத்துகள் ஒட்டாமல் தடுக்கும் நான்-ஜாய்னர் ஆகிய இரண்டின் அகலமற்ற வெற்று வடிவங்கள், தனித்து வரும் குறியைத் தாங்கும் புள்ளிவட்டம், ரூபாய்க் குறி, நீண்ட கோடு, சொல்லுடைப்புக் கோடு. மலையாளச் சொற்கள் நீளமானவை. வரியோரத்தில் உடைத்தே ஆக வேண்டும் என்பதால் அந்தக் கடைசிக் கோட்டின் நீளத்தையும் உயரத்தையும் அக்கறையோடு வரையுங்கள்.

வடிவங்களுக்குப் பெயரிடுவதில் ஒரு முறையை முதல்நாளே பிடித்துக்கொள்ளுங்கள். மலையாளத் தன்னார்வலர்களிடம் ககர வரிசைக்கு கே1, கே2 என்றும், க்க என்பதற்கு கே1கே1 என்றும் அடுக்கும் முறை பழக்கத்தில் இருக்கிறது. அதைப் பின்பற்றினால் நாளை இன்னொருவர் உங்கள் கோப்பைத் திறந்தாலும் புரியும்.

4. கருவிகளும் செலவும்

ஃபான்ட்ஃபோர்ஜ், இங்க்ஸ்கேப் இரண்டும் இலவசம். ஒரு முழு மலையாள எழுத்துருவை இவற்றை மட்டும் கொண்டே முடிக்கலாம். கிளிஃப்ஸ் மென்பொருள் வேலையை இலகுவாக்கும்; ஆனால் அது மேக் கணினியில் மட்டும் ஓடும், முழுப் பதிப்பின் விலை ஏறத்தாழ 300 யூரோ. முதல் எழுத்துருவுக்கு அந்தச் செலவு தேவையில்லை என்பது என் கருத்து. அந்தப் பணத்தை அச்சுச் சோதனைக்கு வையுங்கள்.

5. வரைதல்

மலையாள எழுத்து வளைவுகளால் ஆனது. ஒரே எழுத்தில் மூன்று சுழிகள் வரும். அவற்றின் உள்வெளிகள் ஒன்றுக்கொன்று இணங்காவிட்டால் பக்கம் முழுவதும் புள்ளி புள்ளியாகக் கறுத்துத் தெரியும். முதலில் க, த, ந, ன்ன, ர, ல, அ ஆகியவற்றை மட்டும் வரைந்து, தடிமன் ஏற்றஇறக்கத்தைத் தீர்மானித்து, 10, 11, 12 பாயின்ட்டில் அச்சிட்டுப் பாருங்கள். திருப்தி வந்த பிறகே மற்ற எழுத்துகளுக்குப் போங்கள். மஞ்சரி, காயத்ரி, நோட்டோ செரிஃப் மலையாளம் ஆகிய எழுத்துருக்களை அதே அளவில் அதே பத்தியில் அச்சிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் உங்கள் எழுத்து எங்கே அகலம், எங்கே ஒடுக்கம் என்பது உடனே தெரியும்.

ஒரு பொறி: கணினித் திரையிலும் அறுநூறு புள்ளி லேசர் அச்சிலும் தெளிவாக இருந்த என் "ஞ"வின் சிறு சுழி, மேப்லித்தோ தாளில் ஆஃப்செட்டில் ஓடியபோது மையால் அடைபட்டு ஒரு கரும்புள்ளியாகிவிட்டது. அச்சகத்தாரிடம் பேசி, வேறு ஏதாவது நூலின் பிளேட்டில் மீந்திருக்கும் ஓரத்தில் உங்கள் சோதனைப் பத்தியைச் சேர்த்து ஓட்டித் தரச் சொல்லுங்கள். நல்லுறவு இருந்தால் செலவே ஆகாது. இதை ஐந்தாம் மாதத்தில் செய்யுங்கள். நான் பன்னிரண்டாம் மாதத்தில் செய்து, அறுபதுக்கும் மேற்பட்ட வடிவங்களின் சுழிகளைத் திறந்தேன்.

தடித்த எழுத்தைத் தனியாகவே வரைய வேண்டும். மென்பொருள் தானாகத் தடிப்பாக்கும்போது இந்தச் சுழிகள்தான் முதலில் மூடிக்கொள்ளும்.

6. ஓப்பன்டைப் விதிகள்

நீங்கள் வரைந்த கூட்டெழுத்து எப்போது வர வேண்டும் என்பதைச் சொல்பவை இந்த விதிகள். இவற்றை அம்சம் என்ற பெயரிட்ட தொகுப்புகளாக எழுதுவார்கள். கூட்டெழுத்துகளை "அக்ன்" என்ற அம்சத்திலும், ரகரக் குறியை "ப்ரெஃப்" என்பதிலும், கீழே தொங்கும் லகரக் குறியை "பிஎல்டபிள்யூஎஃப்" என்பதிலும், வலப்பக்கம் வரும் யகர, வகரக் குறிகளை "பிஎஸ்டிஎஃப்" என்பதிலும் எழுதுங்கள். உகரம் ஒட்டிய பழைய லிபி வடிவங்கள் இவற்றுக்குப் பின் வரும் அம்சங்களுக்கு உரியவை.

எகர, ஏகார, ஐகாரக் குறிகளை மெய்க்கு இடப்பக்கம் கொண்டுவைக்கும் வேலையை எழுத்துரு செய்யக் கூடாது. ஹார்ஃப்பஸ் போன்ற எழுத்தமைப்பு மென்பொருள் அதைச் செய்துவிடும். ஒகர, ஓகாரங்களைப் பிரித்து இருபக்கமும் வைப்பதும் அதன் வேலையே.

ரகரத்தில்தான் நான் இரண்டு வாரம் தடுமாறினேன். "ப்ர" என்று அடித்தால், ரகரக் குறி பகரத்தின் இடப்பக்கத்துக்கு நகரும். அந்த நகர்வு முடிந்த பிறகே பின்வரும் அம்சங்கள் செயல்படும். ஆகவே பழைய லிபியில் இரண்டையும் ஒட்டிய ஒற்றை வடிவமாக அங்கே மாற்ற விரும்பினால், விதியில் ரகரக் குறியை முதலிலும் பகரத்தை அடுத்தும் எழுத வேண்டும். நான் அடிக்கும் வரிசையில் எழுதிவிட்டு, விதி ஏன் வேலை செய்யவில்லை என்று தேடிக்கொண்டிருந்தேன்.

மலையாளத்துக்கு எம்எல்ஒய்எம், எம்எல்எம்2 என்று இரண்டு லிபிக் குறிச்சொற்கள் உண்டு. புதியது இரண்டாவது. பழைய மென்பொருளில் நூல் கட்டும் அச்சகங்கள் இருப்பதால் இரண்டையும் தருவது நல்லது. ஆனால் விதிகளை அப்படியே படியெடுக்காதீர்கள்: புதியதில் "சந்திரக்கலை, ர" என்ற வரிசை, பழையதில் "ர, சந்திரக்கலை" என்ற வரிசை.

7. உயரமும் வரி இடைவெளியும்

"ஸ்த்ரீ", "ராஷ்ட்ரம்" போன்ற சொற்களின் அடுக்கு எவ்வளவு கீழே இறங்குகிறது என்பதை அளந்து, அதைக் கொண்டு இறக்க அளவைத் தீர்மானியுங்கள். எழுத்துருவில் ஏற்ற இறக்க அளவுகள் மூன்று இடங்களில் பதிவாகின்றன. மூன்றும் முரண்பட்டால் ஒரே பத்தி விண்டோஸில் ஒரு உயரத்திலும் மேக்கில் வேறு உயரத்திலும் வரும். விண்டோஸுக்கான அளவு குறைந்துவிட்டால், சில செயலிகளில் அடுக்கின் அடிப்பகுதி வெட்டுப்படும். அடுக்குகளை எவ்வளவு தட்டையாக வரைகிறீர்களோ அவ்வளவுக்குப் பதிப்பகத்தின் தாள் செலவு குறையும். என் எழுத்துருவில் 11 பாயின்ட் எழுத்துக்கு 15 பாயின்ட் வரி என்று வந்து நின்றது.

8. சோதனை

முதல் சோதனைச் சொல்லாக "ஸ்வாதந்த்ர்யம்" என்பதை வைத்துக்கொள்ளுங்கள். வகரக் குறி, ந்த கூட்டெழுத்து, இடப்பக்க ரகரம், வலப்பக்க யகரம், அனுஸ்வாரம் (இறுதி ம் ஒலிக்கான குறி) எல்லாம் அந்த ஒரு சொல்லில் வந்துவிடும். அடுத்து "ப்ரேமம்": ஏகாரக் குறி முதலிலும் ரகரக் குறி அடுத்தும் பகரம் மூன்றாவதும் நிற்க வேண்டும்.

ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரேஆபிஸ், விண்டோஸ் வேர்டு, இன்டிசைன், ஸீலேடெக் ஆகியவற்றில் ஒரே கோப்பை ஏற்றி ஒப்பிடுங்கள். இன்டிசைனில் எல்லாம் சிதறிக் கிடந்தால் உடனே எழுத்துருவைக் குற்றம் சொல்லாதீர்கள். பத்தி அமைப்பில் வேர்ல்டு-ரெடி கம்போசர் தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்கிரைபஸ் என்ற இலவசப் பக்க வடிவமைப்பு மென்பொருளைப் பயன்படுத்தும் அச்சகமானால் 1.5.3 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வேண்டும்.

இந்தக் கட்டத்துக்கு முழுதாக மூன்று மாதம் ஒதுக்குங்கள். மலையாளத்தைத் தாய்மொழியாகக் கொண்ட மெய்ப்புத்திருத்துநர் ஒருவருக்கு முறையான ஊதியம் கொடுத்து நூறு பக்கம் படிக்கச் சொல்லுங்கள். எனக்குக் கிடைத்த பெரியவர் ஒரு "ள்ள"வைக் காட்டி, "இதைப் படிக்கும்போது ஒவ்வொரு முறையும் கண் நிற்கிறது" என்றார். அளந்து பார்த்தேன், அது பக்கத்து எழுத்துகளைவிடச் சற்றே உயரமாக இருந்தது. பழகாத கண்ணுக்கு அது தெரிந்திருக்காது.

9. ஆவணங்கள், உரிமை, கட்டணம்

வேலை தொடங்குமுன் ஒப்பந்தம் எழுதுங்கள். நீங்கள் சம்பள ஊழியராக இருந்து அந்த வேலையின் பகுதியாக எழுத்துரு செய்தால், வேறு உடன்பாடு இல்லாதபோது பதிப்புரிமை முதலாளிக்கே சேரும். தனியாளாக உரிமையை எழுதிக்கொடுக்கும்போது, எத்தனை ஆண்டுகளுக்கு என்று குறிப்பிடாவிட்டால் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி அது 5 ஆண்டு என்றும், எந்த நிலப்பரப்புக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுமைக்கும் என்றும் கொள்ளப்படும். இரு தரப்பும் இதை அறியாமல் கையெழுத்திடுவதால்தான் பின்னால் மனத்தாங்கல் வருகிறது. காலம், பரப்பு, அச்சு, மின்னூல், இணையம் என்று தனித்தனியாக எழுதுங்கள்.

எழுத்துருக் கோப்பைக் கணினி நிரலாகப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதியலாம், கட்டணம் ரூ. 500. இணையவழியே விண்ணப்பித்தவுடன் டைரி எண் கிடைக்கும். அதன்பின் ஆட்சேபத்துக்கென 30 நாள் கட்டாயக் காத்திருப்பு உண்டு, அது கழிந்தே பரிசீலனை தொடங்கும். மூலநிரலின் முதல் 10 பக்கமும் கடைசி 10 பக்கமும் இணைக்க வேண்டும். கூட்டாளிகள் இருந்தால் அவர்களின் ஆட்சேபமின்மைக் கடிதம் தேவை.

எழுத்தின் தோற்றத்தை 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தின்கீழ் பதிய நினைப்பவர்கள், விண்ணப்பிக்கும் முன் அதை எங்கும் வெளியிடக் கூடாது. ஒரு புத்தகக் கண்காட்சிச் சுவரொட்டியில் வந்துவிட்டாலும் புதுமை போய்விட்டதாகக் கருதப்படலாம். தனிநபருக்கு விண்ணப்பக் கட்டணம் ரூ. 1,000; பாதுகாப்பு 10 ஆண்டு, மேலும் 5 ஆண்டு நீட்டிக்கலாம். இதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டபின் செய்யுங்கள். எழுத்துருவின் பெயரை வணிகச்சின்னமாகப் பதிய தனிநபருக்கு இணையவழியில் ஒரு வகுப்புக்கு ரூ. 4,500.

திறந்த உரிமத்தில் வெளியிடுவதானால் எஸ்ஐஎல் ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ் நூல் தொழிலுக்குப் பொருத்தமானது. அந்த எழுத்துருவில் அச்சிட்ட நூலை விற்கலாம். எழுத்துருவை மட்டும் தனியாக விற்க முடியாது. எச்சரிக்கை: மஞ்சரியிலிருந்தோ காயத்ரியிலிருந்தோ சில வடிவங்களையோ விதிக்கோப்பையோ எடுத்தாண்டால், உங்கள் எழுத்துருவும் அதே உரிமத்தில்தான் வெளிவர முடியும். தனியுரிமையாகத் தருவதாகப் பதிப்பகத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தால் அது சிக்கலாகும்.

பான் அட்டை வைத்திருங்கள்; நிறுவனங்கள் தொழில்முறைக் கட்டணத்தில் 10 சதவீதம் வரிப்பிடித்தம் செய்யும், பான் இல்லாவிட்டால் 20 சதவீதம். தொகையை மூன்றாகப் பிரித்து, வரிவடிவப் பட்டியல் ஒப்புதலுக்கு ஒன்று, முதல் அச்சுச் சோதனைக்கு ஒன்று, ஒப்படைப்புக்கு ஒன்று என்று வாங்குங்கள். முழுத் தொகையும் "நூல் வெளிவந்த பிறகு" என்ற நிபந்தனைக்கு உடன்படாதீர்கள். நூல் தாமதமாவதற்கு எழுத்துரு தவிர நூறு காரணங்கள் இருக்கும்.

10. ஒப்படைப்பு

கோப்பை அனுப்புமுன் உட்பொதித்தல் அனுமதி (எழுத்துருவைப் பிடிஎஃப் கோப்புக்குள் சேர்க்கும் அனுமதி) தடையின்றி இருக்கிறதா என்று பாருங்கள். அது தடைப்பட்டிருந்தால் இன்டிசைன் பிடிஎஃப் எடுக்க மறுக்கும், அதுவும் அச்சுக்குப் போகும் அன்றிரவுதான் தெரியவரும். பதிப்பு எண்ணை எழுத்துருவுக்குள்ளும் கோப்பின் பெயரிலும் எழுதுங்கள்.

ஒவ்வொரு நூலின் கோப்புறையிலும் அந்த நூலுக்குப் பயன்பட்ட எழுத்துருப் பதிப்பின் பிரதியை வைக்கும்படி அச்சகத்தாரிடம் சொல்லி வையுங்கள். என் எழுத்துருவின் இரண்டாம் பதிப்பில் சில கூட்டெழுத்துகளின் அகலத்தைக் குறைத்திருந்தேன். பழைய நூல் ஒன்றின் மறுபதிப்புக்கு அந்தப் புதிய கோப்பை ஏற்றிவிட்டார்கள். வரிகள் நகர்ந்து, ஒன்பதாம் அத்தியாயம் இரண்டு பக்கம் முன்னால் வந்தது, பொருளடக்கமும் சொல்லடைவும் பழைய எண்களோடு அச்சாகிவிட்டன. இப்போது நான் பதிப்பு எண் மாறும்போதெல்லாம் எந்தெந்த வடிவத்தின் அகலம் மாறியது என்ற ஒருபக்கக் குறிப்பையும் சேர்த்தே அனுப்புகிறேன்.